குற்றமற்றவர் கேட்ட மன்னிப்பு

வக்கீல் கதை என்றால் நம்மவர்க்கு ஒரு தனி ருசி உண்டு. ஆரணி குப்புசாமி முதலியார் காலந்தொட்டுத் துப்பறியும் நாவல்களைத் தேடித் தேடிப் படித்த கூட்டம் நம் கூட்டம். அக்கதைகளின் அமைப்பையும் நாம் அறிவோம். வாலிப வக்கீல் ஒருவன். மேலே வரவேண்டும் என்ற வேட்கை உடையவன். அவசரத்தால் ஒரு தவறு செய்து பெயரை இழக்கிறான். பிறகு ஒரு பெரிய வழக்கில் நியாயத்தின் பக்கம் நின்று வென்று, இழந்த பெயரை மீட்டுக்கொள்கிறான். கடைசி அத்தியாயத்தில் நியாயாதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவனைப் புகழ்வார். படித்தவனும் நிம்மதியாகத் தூங்குவான்.

நாம் இங்கு எழுதப் புகுந்தது கதையன்று. சிங்கப்பூரில், நம் காலத்தில், ஒரு யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்கு நேர்ந்தது. அவரும் மேலே வரும் வேட்கையுடைய வக்கீலாகத்தான் தொடங்கினார். அவரும் பெயரை இழந்தார், மீட்கப் பாடுபட்டார். ஆனால் பெயர் ஓர் அறையில் மீண்டது, மற்றோர் அறையில் மீளவில்லை. அந்த வேடிக்கையைத்தான் வாசகர்க்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஜோஷுவா பெஞ்சமின் ஜெயரத்தினம் 1926 ஜனவரி 5-ந் தேதி இலங்கையில், யாழ்ப்பாணத்துச் சங்கானையில் பிறந்தார். குடும்பம் மலாயாவில் இருந்தது. தகப்பனார் அங்கு மராமத்து இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். ஆகவே பிள்ளை வளர்ந்தது ஜொகூர் நாட்டில். ஜப்பானியர் வந்தபோது வயது பதினாறு. பையன்களை சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துக்கொண்டு போன காலம் அது. இவர் ஜப்பானிய பாஷையைக் கற்று, குடிக்கணக்கு இலாகாவில் ஒரு வேலையைப் பற்றிக்கொண்டு தப்பினார். யுத்தம் முடிந்தபின் சிங்கப்பூர் செயிண்ட் ஆண்ட்ரூஸ் பள்ளியிலும், பிறகு லண்டன் யூனிவர்ஸிடி காலேஜிலும் படித்து, 1951-ல் பாரிஸ்டர் ஆனார். 1952-ல் சிங்கப்பூர்ச் சட்ட இலாகாவில் சேர்ந்தார்.

அதற்கு மேல் நடந்ததை ஏணியில் ஏறுவது என்றே சொல்லலாம். மாஜிஸ்திரேட்டு, சர்க்கார் வக்கீல், ஜில்லா ஜட்ஜ், கடைசியில் சுப்ரீம் கோர்ட்டு ரிஜிஸ்திரார். பாடாங் மைதானத்தை நோக்கிப் பெருந் தூண்களோடும் பச்சைக் கவிகைமாடத்தோடும் நிற்கும் அந்தக் கட்டடத்தில் ஒரு தமிழன் ரிஜிஸ்திராராக உட்கார்ந்தான் என்றால், அந்நாளில் நம்மவர் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டிச் சொல்லும் பெருமை அது. இன்னும் சில வருஷம் வாய் மூடி இருந்திருந்தால் நியாயாதிபதியின் சிவப்பு அங்கியே கிடைத்திருக்கும் என்று எண்ணுவதில் தவறில்லை. 1963-ல் அவர் அந்த உத்தியோகத்தை விட்டு வெளியேறினார். கோர்ட்டுகளின் சுதந்திரம் குறைந்துவருகிறது என்ற மனக்கசப்பே காரணம் என்பது அவர் கூற்று. சர்க்கார் தரப்பார் அதை ஒப்புவதில்லை. எதுவாயினும், வேட்கையுள்ள மனிதன் ஏணியின் மேற்படியிலிருந்து தானே இறங்கினான். அங்கேயே நம் நாவலாசிரியர்களின் சூத்திரம் பிசகிவிட்டது.

1971-ல் தொழிலாளர் கட்சியின் காரியதரிசி ஆனார். டேவிட் மார்ஷல் 1957-ல் தொடங்கிய கட்சி அது. இவர் கைக்கு வந்தபோது பெயரளவில்தான் உயிரோடிருந்தது. 1972 பொதுத் தேர்தலில் ஃபேரர் பார்க் தொகுதியில் நின்றார். சிராங்கூன் சாலையை ஒட்டிய பகுதி. பழைய தேக்காச் சந்தை இடிபடாமல், எருமைகளின் பெயரைத் தாங்கிய பஃபலோ ரோட்டின் பக்கத்தில் மீனும் கறிவேப்பிலையும் ஒன்றாக மணத்துக்கொண்டிருந்த காலம். நம்மவர் வாழும் வட்டாரம் கைகொடுக்கும் என்று எண்ணினாரோ என்னவோ, தோற்றார். 1976-ல் கம்போங் சாய் சீயில் தோற்றார். பிறகு ராடின் மாஸிலும், தெலுக் பிளாங்காவில் இரு முறையும் தோற்றார். இடையில் 1976 தேர்தல் பிரசங்கம் ஒன்றுக்காகப் பிரதம மந்திரி லீ குவான் யூ தொடுத்த மான நஷ்ட வழக்கில் 1,30,000 வெள்ளி கொடுக்கும்படி தீர்ப்பாயிற்று. அதை லண்டன் பிரிவி கௌன்சில் வரை கொண்டுபோனார், அங்கும் தோல்வி. 1980-ல் மனைவி மார்கரெட் காலமானார். ஐம்பத்து நான்கு வயதில் அந்த மனிதரிடம் மிஞ்சியிருந்தவை இரண்டு பிள்ளைகளும் கறுப்பு அங்கியும்தான்.

அடுத்த ஆண்டு ஆன்சன் தொகுதி காலியாயிற்று. அதன் மெம்பரான தேவன் நாயர் ராஷ்டிரபதியானதால் உப தேர்தல் வந்தது. துறைமுகத்தை அடுத்த தொகுதி. கண்டெய்னர் அடுக்க இடம் வேண்டும் என்று பிளேர் பிளெயின் குடியிருப்பிலிருந்த துறைமுகத் தொழிலாளர் குடும்பங்களைக் காலி செய்யச் சொல்லியிருந்த சமயம். 1981 அக்டோபர் 31-ந் தேதி இரவு எண்ணி முடித்தபோது ஜெயரத்தினம் 653 வாக்குகளால் வென்றிருந்தார். சிங்கப்பூர் தனி நாடான 1965-க்குப் பின் ஆளுங்கட்சியைத் தேர்தலில் தோற்கடித்துப் பார்லிமெண்டுக்குள் நுழைந்த முதல் மனிதர் இவர். 1984 பொதுத் தேர்தலில் முன்னினும் அதிகமான வாக்குகளால் அதே ஆன்சனை மறுபடி வென்றார்.

நிற்க. இனி வழக்குக்கு வருவோம். இதுதான் நம் விஷயத்தின் நடுப்பாகம்.

1972 தேர்தலில் ஆளுங்கட்சி வேட்பாளர் ஒருவர் பேசிய பேச்சுக்காகத் தொழிலாளர் கட்சி அவர்மேல் மான நஷ்ட வழக்குப் போட்டுத் தோற்றது. எதிர்த் தரப்பின் செலவுத் தொகையைக் கட்சி கொடுக்கவேண்டியதாயிற்று. கொடுக்கவில்லை, கட்சியிடம் காசு இருந்தால்தானே! வருஷங்கள் கழிந்து, கட்சிக்கு நன்கொடையாக வந்த சில செக்குகளைக் கடன்காரருக்குக் கிடைக்காதபடி வேறு கைக்குத் திருப்பிவிட்டதாகவும், கட்சிக் கணக்கைப் பற்றிப் பொய்யான பிரமாண வாக்குமூலம் செய்ததாகவும், காரியதரிசி ஜெயரத்தினத்தின் மீதும் தலைவர் வோங் ஹோங் தோய் மீதும் குற்றம் சாட்டப்பட்டது. செக்குகளின் மீது மூன்று குற்றச்சாட்டு. வாக்குமூலத்தின் மீது ஒன்று. தொகையோ அற்பத் தொகை. இருவரும் ஒரு காசு தம் சொந்தப் பைக்குள் போட்டுக்கொண்டதாக யாரும் சொல்லவில்லை.

1984 ஜனவரியில் ஜில்லா கோர்ட்டில் மைக்கேல் கூ என்னும் ஜட்ஜ் மூன்று குற்றச்சாட்டுகளில் விடுதலை செய்து, ஒன்றில் மட்டும் 1,000 வெள்ளி அபராதம் போட்டார். இங்கு வாசகர் ஒரு கணக்கைக் கவனிக்கவேண்டும். 2,000 வெள்ளிக்குக் குறையாத அபராதமோ, ஒரு வருஷத்துக்குக் குறையாத சிறையோ விதிக்கப்பட்டவர் பார்லிமெண்டு மெம்பராக இருக்க முடியாது என்பது அன்றைய அரசியல் சட்டத்தின் விதி. ஆயிரம் வெள்ளி அபராதத்தால் ஆன்சன் ஸ்தானம் போய்விடாது. இரு தரப்பும் அப்பீல் செய்தன. பிரதம நியாயாதிபதி வீ சோங் ஜின் விடுதலையைத் திருத்தி, பிரமாண வாக்குமூலத்தைப் பற்றிய குற்றச்சாட்டில் மறு விசாரணை வேண்டும் என்று உத்தரவிட்டார்.

இதற்கிடையில் மைக்கேல் கூ ஜட்ஜ் பதவியிலிருந்து அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கு மாற்றப்பட்டார். தீர்ப்புப் பிடிக்காமல் மாற்றினார்கள் என்று ஜெயரத்தினம் பார்லிமெண்டில் குற்றம் சாட்ட, 1986-ல் ஒரு விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. விசாரித்தவரும் தமிழரே, நியாயாதிபதி டி. எஸ். சின்னத்துரை. சர்க்காரின் தலையீடு எதுவும் இல்லை என்று அவர் முடிவு கூறினார். ஜெயரத்தினம் கையில் ருசு இல்லாமல் பேசிவிட்டார் என்பதை நாம் மறைக்கப் போவதில்லை. கோர்ட்டில் சாட்சியத்தை எடைபோட்டவர், மேடையில் சொல்லை எடைபோடத் தவறுவார். அது அவருடைய ஆயுள் முழுதும் கூடவே வந்த குறை.

மறு விசாரணை ஹைகோர்ட்டில் நடக்கவேண்டும் என்று குற்றஞ் சாட்டப்பட்டவர்கள் கேட்டார்கள். மறுபடியும் ஜில்லா கோர்ட்டிலேயே நடந்தது. எந்தக் கோர்ட்டில் நடந்தால் என்ன, சட்டம் ஒன்றுதானே என்று வெளியார் நினைக்கலாம். அங்கேதான் முடிச்சு. ஹைகோர்ட்டில் தொடங்கும் கிரிமினல் வழக்கு அப்பீல் படிகளில் ஏறி லண்டன் பிரிவி கௌன்சிலை எட்டலாம். ஜில்லா கோர்ட்டில் தொடங்கும் வழக்குக்கு ஹைகோர்ட்டே கடைசி வாசல். சட்டப் பிரச்னை உண்டென்று ஹைகோர்ட்டு அனுமதி தந்தாலன்றி மேலே போக முடியாது. ஒரே குற்றச்சாட்டு, ஒரே மனிதர். எந்தக் கதவின் வழியாக உள்ளே கொண்டுபோகிறார்கள் என்பதைப் பொறுத்து வெளியே வரும் வழி மாறுகிறது. துப்பறியும் நாவல் எழுதுவோர் கத்தியையும் விஷத்தையும் வைத்துக்கொண்டு திண்டாடுகிறார்கள். கோர்ட்டு ஆபீஸில் ஒரு மனுவின் தலைப்பில் எழுதப்படும் கோர்ட்டின் பெயரைவிட அதிகமான திடுக்கிடும் சம்பவம் எந்த நாவலிலும் இல்லை.

1985 செப்டம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பு. மூன்று மாதச் சிறை. 1986 நவம்பரில் ஹைகோர்ட்டு அதை ஒரு மாதமாகக் குறைத்து, 5,000 வெள்ளி அபராதமும் விதித்தது. மேலே போக அனுமதியில்லை. சிறை குறைந்தது என்று மகிழ்வதற்கில்லை. ஒரு மாதச் சிறை மெம்பர் ஸ்தானத்தைப் பறிக்காது, ஐயாயிரம் வெள்ளி பறித்துவிடும். ஸ்தானம் போயிற்று. ஐந்து வருஷம் தேர்தலில் நிற்கவும் தடை. ஆன்சனில் உப தேர்தல் வைக்கவுமில்லை. 1988 தேர்தலுக்குமுன் ஆன்சன் என்ற தொகுதியே படத்திலிருந்து மறைந்தது. ஜெயரத்தினம் சிறைக்குப் போய் வந்தார். 1987 அக்டோபரில் மூன்று நியாயாதிபதிகள் கூடி, குற்றவாளியான வக்கீல் தொழிலுக்குத் தகுதியற்றவர் என்று அவர் பெயரை வக்கீல்கள் பதிவிலிருந்து அடித்தார்கள். ஒரு காலத்தில் அப்பதிவைக் காத்துவந்த ரிஜிஸ்திரார் அவர்!

பெயரை அடித்ததே அவருக்குக் கிடைத்த வழியாகவும் முடிந்தது. கிரிமினல் தீர்ப்புக்குத்தான் லண்டன் கதவு அடைபட்டிருந்தது. வக்கீலைத் தொழிலிலிருந்து நீக்கும் உத்தரவுக்கு அது திறந்திருந்தது. அப்படி நுழைந்தவர், நீக்கியது சரியா என்று பார்ப்பதற்கு முதலில் குற்றமே சரியாகத் தீர்மானிக்கப்பட்டதா என்று பாருங்கள் என்றார். டவுனிங் தெருவில் உட்கார்ந்திருந்த பிரபுக்கள் பார்த்தார்கள். 1988 அக்டோபர் 21-ந் தேதி வந்த தீர்ப்பு சிங்கப்பூரைக் கலக்கியது. அடுத்தடுத்து நேர்ந்த தவறான தீர்மானங்களால் இருவரும் கொடிய அநீதிக்கு ஆளானார்கள் என்றும், தாங்கள் செய்யாத குற்றங்களுக்காக அபராதமும் சிறையும் பகிரங்க அவமானமும் அடைந்தார்கள் என்றும் பிரிவி கௌன்சில் கூறியது. பெயரைப் பதிவில் மீண்டும் சேர்க்கவேண்டும் என்று உத்தரவிட்டது. இவரை முன்பு தோற்கடித்து அனுப்பிய அதே பிரிவி கௌன்சில்தான். ஆகையால் அவரிடம் அதற்குத் தனிப் பட்சபாதம் என்று யாரும் சொல்வதற்கில்லை. பொதுத் தேர்தல் செப்டம்பர் 3-ந் தேதியே முடிந்துவிட்டிருந்தது.

நாவலானால் இங்கே 'முற்றிற்று' என்று போட்டுவிடலாம். ஆனால் அந்த உத்தரவு வக்கீல் பதிவுக்கு மட்டுமே செல்லும். கிரிமினல் தீர்ப்பைத் தொடும் அதிகாரம் அந்த அப்பீலில் பிரிவி கௌன்சிலுக்கு இல்லை. ஆகவே ஒரு விசித்திர நிலை பிறந்தது. வக்கீல் என்ற முறையில் ஜெயரத்தினம் குற்றமற்றவர். குடிமகன் என்ற முறையில் தண்டனை பெற்ற குற்றவாளி. காலையில் கறுப்பு அங்கி அணிந்து கோர்ட்டில் வாதாடலாம். மாலையில் தேர்தல் மனு கொடுக்க முடியாது.

மிஞ்சியது ஒரே வழி: ராஷ்டிரபதியிடம் மன்னிப்பு மனு. நாம் சற்று நின்று யோசிக்கவேண்டிய இடம் இது. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்பது எங்ஙனம்? சட்டத்தின் சொல் அப்படி அமைந்திருக்கிறது. இங்கிலாந்திலும் இந்த விபரீதம் நடந்ததுண்டு. அடால்ஃப் பெக் என்பவரை வேறொரு மோசக்காரன் என்று தவறாக அடையாளம் காட்டி 1896-ல் ஏழு வருஷம் தண்டித்தார்கள். 1904-ல் மறுபடியும் குற்றவாளி என்றார்கள். உண்மையான ஆள் அகப்பட்டபின் அரசர் பெயரால் பெக்குக்கு 'மன்னிப்பு' வழங்கினார்கள்! யார் யாரை மன்னிப்பது என்று ஜனங்கள் கேட்டார்கள். அந்தக் கூச்சலும் சேர்ந்துதான் 1907-ல் அங்கே கிரிமினல் அப்பீல் கோர்ட்டு ஏற்பட வழி செய்தது.

சிங்கப்பூரில் அதுவும் கிடைக்கவில்லை. 1989-ல் மந்திரிசபையின் ஆலோசனைப்படி ராஷ்டிரபதி வீ கிம் வீ மனுவை நிராகரித்தார். சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று நம்மைத் திகைக்கச் செய்கிறது: மனுதாரர் தாம் செய்ததற்கு வருத்தமோ மனமாற்றமோ தெரிவிக்கவில்லையாம். சிங்கப்பூர்க் கோர்ட்டுகளின் தீர்ப்பு நிலைத்து நிற்கிறது, ஆகவே குற்றவாளி குற்றவாளிதான் என்பது சர்க்காரின் வாதம். சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் அந்த வாதத்தில் ஓட்டையில்லை. ஆனால் மனமாற்றம் என்பது தவறு செய்தவனிடம் கேட்கவேண்டிய பொருள். 'செய்தேன், வருந்துகிறேன்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஒருவேளை கதவு திறந்திருக்கலாம். பிரிவி கௌன்சிலே குற்றமில்லை என்று சொன்னபின் அந்த ஒரு வரியை எழுதினால், அதுவல்லவா அவர் வாழ்நாளில் எழுதிய முதற் பொய் வாக்குமூலம்! அவர் கேட்டது இரக்கமன்று, கணக்குத் திருத்தம். பிழையாகக் கூட்டிய தொகையைத் திருத்தும்படி கேட்பவனிடம் கண்ணீர் எங்கே என்று கேட்பது என்ன முறை?

அதே 1989-ல் சட்டம் திருத்தப்பட்டு, வக்கீல்கள்மீதான ஒழுங்கு வழக்குகள் பிரிவி கௌன்சிலுக்குப் போவது நின்றது. 1994-ல் எல்லா அப்பீல்களும் நின்றன. வேற்று நாட்டுப் பிரபுக்களிடம் நியாயம் கேட்டு நிற்பது சுதந்திர நாட்டுக்கு அழகன்று என்ற கொள்கையில் நமக்கும் சம்மதமே. ஆனால் வாசலை மூடிய நேரம்தான் நெஞ்சை உறுத்துகிறது.

தடைக் காலம் முடிந்து 1997 தேர்தலில் செங் சான் தொகுதியில் நின்று தோற்றபோதும், அதிக வாக்குப் பெற்ற எதிர்க்கட்சியினர் என்ற முறையில் தொகுதியற்ற மெம்பராகப் பார்லிமெண்டுக்கு மீண்டார். ஆனால் அதற்குள் இன்னொரு வழக்கு வளர்ந்துகொண்டிருந்தது. இது தமிழராகிய நாம் நாணத்தோடு படிக்கவேண்டிய பகுதி. 1995-ல் சிங்கப்பூரில் தமிழ் மொழி வாரம் கொண்டாடினார்கள். தொழிலாளர் கட்சியின் 'ஹாம்மர்' பத்திரிகையில் அவ்விழாவைக் கண்டித்துத் தமிழில் ஒரு கட்டுரை வந்தது. விழா நடத்தியவர்கள் மான நஷ்ட வழக்குப் போட்டார்கள். கட்டுரை அவதூறு என்று கோர்ட்டு தீர்த்தது. பத்திரிகைக்கு ஆசிரியராயிருந்த ஜெயரத்தினத்தின் தலையிலும் நஷ்ட ஈட்டுப் பொறுப்பு வந்து விழுந்தது. கட்டுரை வரம்பு மீறியிருக்கலாம். கோர்ட்டு அப்படித்தான் கண்டது. எனினும் தமிழை வளர்க்கும் விழாவைப் பற்றித் தமிழன் எழுதிய தமிழ்க் கட்டுரைக்கு விடை தமிழிலேயே எழுதியிருக்க முடியாதா? சிராங்கூன் சாலையில் ஒரு கூட்டம் போட்டுக் கிழித்தெறிந்திருக்க முடியாதா? பதிலுக்குப் பதில் எழுதும் பழக்கம் நம்மிடம் எப்போது அற்றுப்போயிற்று?

தவணைகளில் கட்டிவந்தார், தவறினார். 2001 ஜனவரியில் திவாலானவர் என்று தீர்ப்பாயிற்று. அப்பீலும் தோற்க, பார்லிமெண்டு ஸ்தானம் இரண்டாம் முறை போயிற்று. வக்கீல் தொழிலும் நின்றது. எழுபத்தைந்து வயது. அதன்பின் சிங்கப்பூர் ஜனங்கள் கண்ட காட்சி, அடர்ந்த கிருதாவோடு ஒரு கிழவர் ஆர்ச்சர்ட் ரோட்டிலும் ரயில் நிலைய வாசல்களிலும் தாம் எழுதிய புத்தகங்களைக் கையில் ஏந்தி விற்றுக்கொண்டு நின்றது. வாங்கியவர்களில் சிலர் புத்தகத்தைப் பைக்குள் மறைத்துக்கொண்டு போனதாகச் சொல்வார்கள், அது ஆச்சரியமன்று. 2007 மே மாதத்தில் 233,255 வெள்ளியைக் கட்டித் தீர்த்து விடுதலையானார். அவ்வருஷமே மறுபடி வக்கீல் அங்கியை அணிந்தார். 2008-ல் சீர்திருத்தக் கட்சி என்ற புதுக் கட்சியைத் தொடங்கினார். அவ்வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி, எண்பத்திரண்டாம் வயதில், இருதயம் நின்றது. 1986-ல் எழுதப்பட்ட கிரிமினல் தீர்ப்பு அன்றும் ஏட்டில் அப்படியே இருந்தது.

அவருடைய இளைய மகன் ஃபிலிப்பும் வக்கீல், நாவலாசிரியரும்கூட. 'ஆபிரகாமின் வாக்குறுதி' என்று பொருள்படும் ஆங்கில நாவலை 1995-ல் வெளியிட்டார். உத்தியோகம் இழந்த முதிய யாழ்ப்பாணத் தமிழ் வாத்தியார் ஒருவர் தம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும் கதை அது. தகப்பனாரின் வழக்கை அவர் கதையாக்கவில்லை. வக்கீல் சங்கத்தின் தலைவராகவும் இருந்த அவர், 2021-ல் சிங்கப்பூர் ஹைகோர்ட்டு நியாயாதிபதியாக நியமிக்கப்பட்டார்.

தகப்பனார் ரிஜிஸ்திராராக இருந்த பழைய சுப்ரீம் கோர்ட்டுக் கட்டடம் 2015 முதல் சித்திரசாலையாகிவிட்டது. நியாயாதிபதிகள் இப்போது அடுத்த தெருவில் புதிய கட்டடத்தில் உட்காருகிறார்கள். சிராங்கூன் சாலையிலிருந்து அரை மணி நேர நடையில் போய்ப் பார்க்கலாம். பழைய விசாரணைக் கூடத்தையும் கைதிகளை வைத்திருந்த சிற்றறைகளையும் வருவோர் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.